நானும் ஒரு காளான் முதலாளி!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பெருக்கிப் பார்ப்பான். டீக்கடையில் நின்றால், டீ ஒன்று பதினைந்து ரூபாய், ஒரு நாளைக்கு எத்தனை டீ, பால், சர்க்கரை, கேஸ் போக மிச்சம் எவ்வளவு என்று மனசுக்குள் கால்குலேட்டர் ஓடும். கணக்கு முடிவதற்குள் டீ ஆறிவிடும். டீக்கடைக்காரர் வீடு கட்டிவிடுவார். நாம் மட்டும் அதே வாடகை வீட்டில், அதே ஆறிய டீயோடு!

அடியேன் அந்த ரகம். தொழில், பத்திரிகைகளுக்கு எழுதுவது. மாதச் சம்பளம் என்பது எங்கள் வீட்டில் என் மனைவிக்கு வருவது. எனக்கு வருவதன் பெயர் சன்மானம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? சம்பளம் வரும். சன்மானம், 'வரும் சார், வரும்' என்பார்கள்.

இப்படிப்பட்டவன் கண்ணில், 2024 மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் உச்சத்தில், செல்போனில் அந்த விளம்பரம் பட்டது. 'வீட்டிலேயே சிப்பிக் காளான் வளர்க்கலாம்! புதியவர்களுக்கான கிட். 599 ரூபாய் மட்டுமே!'

உடனே வியாதி முற்றியது. ஒரு பை, ஒரு கிலோ காளான். கிலோ முந்நூறு ரூபாய். பால்கனியில் நாலு கயிறு கட்டினால் இருபது பை. ஹாலில் இருபது. படுக்கையறையில் கட்டிலை எடுத்துவிட்டால்... இருநூறு பையில் மாதம் அறுபதாயிரம்! மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

"கட்டிலை எடுத்துட்டா நாம எங்கங்க படுக்கிறது?" என்றாள் அரைத் தூக்கத்தில். முதலாளிகளின் மனைவிமார்கள் எல்லாருமே ஆரம்பத்தில் இப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று சமாதானப்படுத்திக்கொண்டேன்.

நாலாம் நாள் கூரியரில் கிட் வந்தது. பிரித்தால், அரைக் கிலோ வைக்கோல் துண்டு, ஒரு சின்னப் பாக்கெட் காளான் வித்து, இரண்டு பாலிதீன் பை, ரப்பர் பேண்ட், தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில், ஒரு துண்டுப் பிரசுரம். காளான் வித்து என்றதும் கடுகு மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்தேன். அது வேகவைத்த சோளம். சோள மணிகளின் மேல் பஞ்சு சுற்றினாற்போல வெள்ளை வெள்ளையாகக் காளானின் இழை படர்ந்திருந்தது. காளானுக்கு விதை கிடையாது. இந்த இழையைத்தான் சோளத்தில் வளர்த்து வித்து என்று கொடுக்கிறார்கள்.

அரைக் கிலோ வைக்கோலை ஆசையோடு தடவிப் பார்த்தேன். அந்தக் கணம் எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் அப்பா மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போர் மாடி உயரத்துக்கு நிற்கும். 'இந்த வைக்கல் சுணை உன் மேல படக் கூடாதுடா தம்பி. நீ பேனாவைப் பிடி' என்று சொல்லி என்னை பி.காம். சேர்த்தவர் அவர். நான் பேனாவைப் பிடித்து, கட்டுரை எழுதி, வந்த காசில் கூரியர் செலவோடு வைக்கோல் வாங்கியிருக்கிறேன்!

சரி, தொழிலுக்கு வருவோம்.

பிரசுரத்தில், வைக்கோலை நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிநீரில் வேகவைத்து, ஈரம் வடியவிட்டு, பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு வித்து என்று நிரப்பச் சொல்லியிருந்தது. ஒரு மணி நேரம் கேஸ் எரித்தால் கொள்முதல் என்னாவது? குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டு இறக்கினேன். ('என்னங்க, இன்னிக்கு என்ன குழம்பு?' என்று மனைவி கேட்டது தனிக்கதை.) வடியவிடப் பொறுமையில்லை. சொட்டச் சொட்ட அடைத்தேன். பையை இருட்டான இடத்தில் பதினைந்து இருபது நாள் தொடாமல் வைக்க வேண்டுமாம். தொடாமலா? சன்மானம் வந்ததா என்று அரை மணிக்கொரு தரம் வங்கிக் கணக்கைப் பார்ப்பவன் நான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், ராத்திரி டார்ச் அடித்து ஒரு தரம், ரப்பர் பேண்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

எட்டாம் நாள் பையில் பச்சைப் பசேலென்று படர்ந்தது. ஆஹா, விளைச்சல் என்று குதித்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, பழைய பிரெட்ல வருமே, அது மாதிரி இருக்கு" என்றாள். குழந்தைகள் சில சமயம் ஆடிட்டர் மாதிரிப் பேசிவிடுகின்றன.

அது பச்சைப் பூசணம். வெந்தும் வேகாத வைக்கோலில் மிஞ்சியிருந்த வேறு பூசணங்கள், வெயில், தேங்கிய நீர், அடிக்கடி திறந்ததில் உள்ளே போன காற்று எல்லாம் சேர்த்துக்கொண்டு எழுந்துவிட்டன. சிப்பிக் காளானுக்கு இருபது டிகிரியிலிருந்து இருபத்தெட்டு டிகிரி வரை சௌகரியம். நான் கட்டித் தொங்கவிட்ட பால்கனியில் அன்று சென்னை வெயில் நாற்பது. 599 ரூபாயைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நோட்டில் 'வாராக் கடன்' என்று எழுதி, தொழிலை இழுத்து மூடினேன்.

இந்தக் கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. அப்பா வந்ததால் முடியவில்லை.

அந்த வருடம் தீபாவளி முடிந்ததும் அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊரில் தனியாகத்தான் இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், வரப்பில் நடக்கவே சுவரைத் தேடுகிற நிலைமை. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இனிமே சேத்துல இறங்கக் கூடாது. குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. குனிஞ்சு வேலை செய்யக் கூடாது" என்றார். நாற்பத்தைந்து வருடம் இந்த மூன்றை மட்டுமே செய்த மனிதரிடம்!

ஆறு மா நிலத்தையும் குத்தகைக்கு விட்டாயிற்று. (ஆறு மா என்றால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்.) மாடுகளை விற்றாயிற்று. எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருப்பார். டி.வி. ஓடும். அவர் டி.வி.க்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து உட்கார்ந்துகொள்வார். "சம்பா பயிர் தண்ணியில நிக்கும். வடிகாலைத் திறந்தானோ என்னமோ" என்பார். நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். மழைச் சத்தத்தை யாரிடம் குத்தகைக்கு விடுவது?

தினமும் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் ஒரே கேள்வி. "எப்ப தம்பி ஊருக்குப் போறது?"

ஒரு நாள் எனக்கு ஒரு கட்டுரை திரும்பி வந்திருந்தது. வீட்டு வாடகை ஒரு வாரம் தள்ளியிருந்தது. அந்த எரிச்சலில், அதே கேள்வி வந்தபோது சொல்லிவிட்டேன்.

"அங்க போய் என்னப்பா பண்ணப் போறீங்க?"

அப்பா பதில் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய், தானே கழுவிக் கவிழ்த்தார்.

சார், அந்தக் கேள்வி எனக்குத் தெரியாததல்ல. கல்யாண வீடுகளில் என் மாமனார் வீட்டுச் சொந்தங்கள் என்னிடம் கேட்பதுதான். 'வீட்டுலயே இருக்கீங்களாமே மாப்ளே... என்ன பண்றீங்க?' அதைக் கேட்டுவிட்டு வந்த ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டிருக்கிறேன். அதையே எடுத்து அப்பா மேல் போட்டிருக்கிறேன். அப்பா அதற்குப் பிறகு இரண்டு நாள் 'எப்ப ஊருக்கு' என்று கேட்கவே இல்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் மகள் தாத்தாவை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, ஒரு விஷயம் தெரியுமா? அப்பா வைக்கோலைக் குக்கர்ல வேக வச்சாரு! மூணு விசில்!"

அப்பா சிரித்தார். சென்னைக்கு வந்து முதல் தடவையாக, உடம்பு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "வைக்கலை எதுக்குடா வேக வச்சே?" என்றார்.

காளான் கதையை ஒப்பித்தேன். துண்டுப் பிரசுரத்தைத் தேடிக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாக இரண்டு தரம் படித்தார். பிறகு எனக்கு வகுப்பு எடுத்தார்.

"நாத்து நடறதுக்கு முந்தி சேத்துழவு எதுக்கு ஓட்டுறோம்? களையை அமுக்கத்தானே? அது மாதிரிதான் இது. வைக்கல்ல கண்ட பூஞ்சணமும் இருக்கும். ஒரு மணி நேரம் வேக வச்சாத்தான் அதெல்லாம் சாகும். நீ களையை வச்சுக்கிட்டே விதைச்சிருக்கே."

"சரிப்பா. ஆனா அந்த இருபது நாள்..."

"விதை நெல்லு மூட்டம் போடுறது மறந்துபோச்சா? நெல்லை ஊறப் போட்டு, தண்ணியை வடிச்சு, சாக்குல கட்டி, இருட்டுல வைப்போம்ல? ஈரமும் இருக்கணும், சொட்டவும் கூடாது. முளைச்சிருச்சா முளைச்சிருச்சான்னு ராத்திரியில சாக்கைப் பிரிச்சுக்கிட்டே இருந்தா சூடு போயிடும். முளையும் போயிடும். பாத்துக்கிட்டே இருந்தா எதுடா வளரும்?"

அந்தக் கடைசி வாக்கியம் காளானைப் பற்றியதா, வங்கிக் கணக்கைப் பற்றியதா என்று நான் கேட்கவில்லை.

தொழில் மறுபடி தொடங்கியது. இந்த முறை கிட் வேண்டாம் என்றார் அப்பா. வித்து மட்டும் கூரியரில் வரவழைத்தேன். வைக்கோலுக்கு, எங்கள் தெருக்கோடியில் மாடு வைத்திருக்கும் பால்காரரிடம் போனோம். போகிற வழியில் இரண்டு தரம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோ வேண்டாம் என்றுவிட்டார். பால்காரர் வாசலில் கிடந்த கட்டைக் காட்டினார். அப்பா ஒரு கைப்பிடி உருவி மூக்கில் வைத்தார்.

"இது புயல் மழையில நனைஞ்ச வைக்கல். மாடே தின்னாது. உள்ள கொட்டகையில மேல் வரிசையில இருக்குல்ல, அதைக் குடுங்க."

பால்காரர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, 'ஐயா எந்த ஊரு?' என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். மெஷின் அறுப்பு வைக்கோல் நசுங்கிப் போவதைப் பற்றியும், கையால் அறுத்து அடித்த வைக்கோலின் நீளத்தைப் பற்றியும் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். வைக்கோலுக்கு நாற்பது ரூபாய். டீ இலவசம். நான் பக்கத்தில் நின்று கொசு அடித்தேன்.

டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஒரு கிலோ வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கினோம். ஊறவைத்து, பழைய வெந்நீர் அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவைத்தோம். கேஸ் மீட்டர் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேன். வெந்த வைக்கோலைச் சுத்தமான துணியில் பரப்பி ஆறவிட்டார் அப்பா. அவ்வப்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிவார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால், 'இன்னும் ஆகலை' என்பார். கடைசியில் ஒரு தரம் பிழிந்தார். சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ஆனால் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "இதுதான் பதம்" என்று என் கையில் கொடுத்தார். பிரசுரத்தில் '65 சதவீத ஈரப்பதம்' என்று போட்டிருந்தது இதைத்தான்!

டெட்டால் போட்டுக் கை கழுவிக்கொண்டு, இரண்டு பைகளிலும் வைக்கோல், வித்து, வைக்கோல், வித்து என்று அடுக்கி அமுக்கி, வாயைக் கட்டி, பக்கவாட்டில் சின்னத் துளைகள் போட்டு, படுக்கையறைப் பரணுக்குக் கீழே, இருட்டில் தொங்கவிட்டோம். உறி கட்டுகிற மாதிரி கயிற்றில் முடிச்சுப் போட்டது அப்பா. காவல் காத்ததும் அப்பா. என்னிடமிருந்து!

"கிட்ட வராதே" என்பார், நான் அந்தப் பக்கம் போனாலே.

அந்தப் பதினெட்டு நாளில் எனக்கு நிறைய நேரம் மிச்சமானது. காளானைப் பற்றிப் படித்தேன். காளான் செடியல்ல. பச்சையம் கிடையாது, சூரிய ஒளியில் சமைக்கத் தெரியாது. அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின். வண்டு, நண்டுகளின் ஓட்டில் இருக்கிற அதே சமாசாரம். மழை பெய்ததும் திடீரென முளைப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் இழைகள் மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஏற்கெனவே பரவிக் கிடக்கின்றன. நாம் பார்ப்பது காய் மட்டும்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோதுதான் சிப்பிக் காளானை மரக்கட்டையில் வளர்த்துப் பார்த்தார்கள். இன்னொன்று கேளுங்கள். சிப்பிக் காளானின் இழைகள் மண்ணிலுள்ள நுண்ணிய நூற்புழுக்களை மயக்கிப் பிடித்துச் சாப்பிடும் என்று 1984-ல் கனடாவில் கண்டுபிடித்தார்கள். மரத்திலும் வைக்கோலிலும் தழைச்சத்து குறைவு. அந்தக் குறையை இப்படி ஈடுகட்டிக்கொள்கிறது.

மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் சுத்த சைவம். ஒரு நாள் கீழே வந்தவர், "காளான் வளர்க்கறேளாமே... அது சைவம்தானே?" என்று சந்தேகம் கேட்டார். நூற்புழுக் கதை தொண்டை வரை வந்தது. வாடகை பாக்கி ஞாபகத்துக்கு வந்தது. "அக்மார்க் சைவம் சார்" என்றேன்.

டிசம்பர் 26. இரண்டு பையும் தயிர்சாதப் பொட்டலம் மாதிரி வெள்ளையாகிவிட்டன. ஒரு இடத்தில்கூடப் பச்சை இல்லை. பிளேடால் பாலிதீனைக் கிழித்து எடுத்து, வெளிச்சம் லேசாக வருகிற பின்பக்கத்துப் பாத்ரூம் வராந்தாவில் தொங்கவிட்டோம். இழை பரவும்வரை இருட்டு. காய்க்க ஆரம்பித்தால் காற்றும், கொஞ்சம் வெளிச்சமும், நிறைய ஈரக்காற்றும் வேண்டும். சுற்றிலும் நனைத்த சாக்குகளைக் கட்டினார் அப்பா. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய மாத்திரையும் மூன்று வேளைதான். மாத்திரையை ஞாபகப்படுத்தக் கத்திக்கொண்டிருந்த என் மனைவி, "மாமா, காளானுக்குத் தண்ணி தெளிச்சாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். இரண்டும் சேர்ந்து நடந்துவிடும்.

நாலாம் நாள் விடியற்காலை. மார்கழிக் குளிர். "தம்பி! தம்பி!" என்று அப்பா என் தோளை உலுக்கினார். பதறி எழுந்தேன். நெஞ்சுவலியோ என்று ஒரு கணம் எனக்கே நெஞ்சு வலித்தது.

"வந்திருச்சுடா!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். வெள்ளைப் பைமேல் குண்டூசித் தலை மாதிரி கொத்துக் கொத்தாக மொட்டுகள். மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டாள். நாங்கள் நாலு பேரும் பாத்ரூம் வாசலில் நின்று ஒரு வைக்கோல் மூட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்திருந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்.

அப்புறம் நடந்ததுதான் வேகம். காலையில் பட்டாணி அளவு, மறுநாள் காலையில் பொத்தான் அளவு, மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு. ஜனவரி 2-ம் தேதி காலையில், "இன்னும் ஒரு நாள் விட்டா எடை கூடும்ப்பா" என்றேன். பி.காம். அல்லவா! அப்பா பிரசுரத்தில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார். ஓரம் விரிந்து மேலே சுருளத் தொடங்கினால் விதைத்துகள் கொட்டும், வீட்டிலிருப்பவர்களுக்கு இருமல் வரும், ருசியும் குறையும். கத்தி வைக்காமல், கொத்தோடு பிடித்து லேசாகத் திருகி எடுத்தார். அடிக்கட்டை மிச்சமிருந்தால் அழுகி அடுத்த விளைச்சலைக் கெடுக்குமாம்.

தராசில் 420 கிராம்!

சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு மனைவி வறுத்தாள். அப்பா முதல் வாய் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புத்துக் காளான் கிடைச்சா உங்கம்மா இதுக்கு இன்னொரு மடங்கு மிளகு போடுவா" என்றார். அம்மாவைப் பற்றி அந்த இரண்டு வருடத்தில் அவர் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மனைவி ஒன்றும் சொல்லாமல் மிளகுத்தூள் டப்பாவை எடுத்து வந்து இலையோரம் வைத்தாள்.

பொங்கலுக்கு முன்னால் இரண்டாவது அறுவடை, 310 கிராம். பொங்கல் கழித்து மூன்றாவது, 170 கிராம். மொத்தம் 900 கிராம். இனிமேல் நோட்டை மறைத்துப் பயனில்லை. வரவு செலவு இதோ. வித்து, கூரியரோடு 190 ரூபாய். வைக்கோல் 40. பை 20. கேஸ் உத்தேசமாக 60. ஆக 310. கடையில் கிலோ முந்நூறு வீதம் 900 கிராமின் விலை 270. நஷ்டம் நாற்பது ரூபாய். மே மாதத்து வாராக் கடனையும் சேர்த்தால் 639. 'காளானில் கறியைவிடப் புரதம் அதிகம்' என்று சொல்லி அதை ஈடுகட்டலாமா என்று பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிராமில் புரதம் மூன்று கிராம்தான். காயவைத்து எடை போட்டால்தான் அந்தப் பெருமையெல்லாம்.

நோட்டை மூடிவிட்டு அப்பாவிடம் சொன்னேன். "நஷ்டம்ப்பா. ரெண்டு பைக்கு இவ்வளவுதான் வரும். நூறு பை போட்டா வித்து விலை குறையும், வைக்கோல் சும்மா கிடைச்சா..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். வைக்கோல் சும்மா கிடைக்கிற இடம் எங்கே இருக்கிறது? அப்பாவும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னாலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"தை அறுப்பு ஆரம்பிச்சாச்சு" என்றார் மெதுவாக. "மாட்டுக் கொட்டகை சும்மாதான் கிடக்கு. ஓலைக் கூரை, குளுகுளுன்னு இருக்கும். குத்தகைக்காரன் ரெண்டு கட்டு வைக்கல் தரமாட்டேன்னு சொல்லப்போறதில்ல."

"அப்பா, முழங்கால்..."

"பை எங்கடா தொங்குது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். உறிக் கயிற்றில், அப்பாவின் நெஞ்சு உயரத்தில் தொங்கியது. தினம் மூன்று வேளை அவர் நின்றபடி தண்ணீர் தெளித்தார், நின்றபடி பறித்தார். ஒரு தரம்கூடக் குனியவில்லை. சேறில்லை, குத்துக்காலில்லை. டாக்டர் கூடாது என்ற மூன்றில் ஒன்றும் இல்லை. நான் கிராம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அங்கே போய் என்ன பண்ணப் போகிறீர்கள் என்று நான் கேட்டேனே, அதற்கான பதில். ஒன்றரை மாதம் கழித்து, கோபமில்லாமல், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றேன்.

"எதை?" என்றார், நிஜமாகவே மறந்துவிட்டவர் மாதிரி. "போய் டிக்கெட் போடு."

ஜனவரி கடைசியில், பத்துப் பாக்கெட் வித்தோடு மன்னார்குடி ரயிலில் ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனை வேக வைக்கிற, தூக்குகிற வேலைகளுக்கு வைத்துக்கொண்டார். பதம் பார்ப்பது மட்டும் அப்பாவின் உள்ளங்கை. சித்திரை வந்தால் கொட்டகையிலும் வெக்கை ஏறும், சிப்பிக் காளான் தாங்காது என்று படித்துச் சொன்னேன். வெயில் காலத்துக்கென்றே பால் காளான் இருக்கிறது. 1998-ல் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'ஏ.பி.கே. 2' என்று அதில் ஒரு ரகமே வெளியிட்டது. முப்பது, முப்பத்தைந்து டிகிரியிலும் காய்க்கும், ஆனால் படுக்கையின் மேல் மண் போட வேண்டும். மே மாதத்தில் நான் வாங்கியிருக்க வேண்டியது அதைத்தான். "மண்ணு போடணுமா? நல்லதாப் போச்சு" என்றார் அப்பா. மண்ணைத் தொடுவதற்கு ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம் போனிலேயே தெரிந்தது.

மார்ச்சில் ஒரு நாள் காலை, ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. காற்றுப் போக ஓட்டை போட்டு, வாழை இலை சுற்றி, உள்ளே ஒரு கிலோ சிப்பிக் காளான். என் கண்கள் பனித்தன. உடனே போன் போட்டேன்.

"அப்பா, வந்து சேர்ந்தது. ரொம்ப நல்லா இருக்குப்பா!"

"சரி. கிலோ இருநூத்தம்பது. பஸ் பார்சல் ஐம்பது. முந்நூறு ரூபா போட்டு விடு. வித்துக்குக் காசு கட்டணும்."

"அப்பா... நான் உங்க பிள்ளைப்பா!"

"அதான் இருநூத்தம்பது. வெளியில முந்நூறு."

அனுப்பினேன் சார். வேறென்ன செய்வது? எங்கள் வீட்டில் பி.காம். யார் படித்திருக்க வேண்டும் என்பது மட்டும் இப்போது தெளிவாகிவிட்டது.